மாங்கனீசு மூன்றரை

டமார்!

புதுவை ரெட்டியார்பாளையத்தில் அந்தத் தெருவின் நாய்கள் எல்லாம் பொதுக்கூட்டத்தில் கல் விழுந்தது போல நாலு பக்கமும் சிதறி ஓடின. 'செழுமண் பரிசோதனைக் கூடம்' என்று பலகை மாட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில், செந்தமிழ்ச்செல்வி காதுகளைப் பொத்தியபடி மேசைக்கு அடியில் குந்தியிருந்தாள். எப்போது அங்கே போனாள் என்பது அவளுக்கே தெரியாது.

வெடித்தது வெடிகுண்டு அல்ல. மண்ணிலிருந்து இறக்கிய சாற்றைத் தீச்சுடரில் தெளித்து, அதில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று எண் சொல்லும் இயந்திரம் அது. அதன் கழிவுக் குழாய் எப்போதும் ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். தரை துடைக்க வந்த அன்னக்கிளி, வாளி வழியில் நிற்கிறதே என்று அதை ஓரமாக நகர்த்திவிட்டாள். மேலே எரிய வேண்டிய சுடர் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. பர்னரின் தலை பால் குக்கர் மூடி மாதிரி எகிறி, கூரையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"பாப்பா, உயிரோட கீறியா?" அன்னக்கிளி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்.

"இருக்கேன்க்கா."

"மிஷினு?"

"அதுவும் இருக்கும்னு நெனைக்கிறேன்."

"அப்ப சரி. நான் போயி டீ வாங்கியாறேன்."

அன்னக்கிளி காலாப்பட்டுக் குப்பத்துக்காரி. விடிகாலையில் மீன் விற்றுவிட்டு, பஸ் பிடித்து வந்து, இங்கே கண்ணாடிச் சாமான் கழுவுவாள். எந்த விபத்துக்கும் அவளிடம் இருந்த ஒரே மருந்து டீ. டீக்கடையில் பாலித்தீன் கவரில் ஊற்றித் தருவது நின்ற நாளிலிருந்து, அலமாரியில் கைக்கு எட்டும் கூம்புக் குடுவை ஒன்றை எடுத்து, ரப்பர் கார்க்கை அடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கண்ணாடியில் சூடு நிற்கும், சிந்தாது, எவ்வளவு ஊற்றினான் என்று பக்கத்தில் கோடு வேறு போட்டிருக்கும். டீக்கடைக்காரனால் அவளை ஏமாற்றவே முடியவில்லை.

மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "வெடிச்சிடுச்சா? முழுசா வெடிச்சிடுச்சா?"

அது முதலாளியின் மனைவி பாக்கியலட்சுமி. அந்தக் குரலில் கவலையை விட நம்பிக்கைதான் அதிகம்.

பாக்கியலட்சுமிக்கு ஒரு கனவு இருந்தது. கீழே இருக்கும் மண்ணையும் குடுவையையும் தூக்கி எறிந்துவிட்டு அங்கே கஃபே வைப்பது. சுவருக்கு மஞ்சள், சன்னலுக்கு வெள்ளை, பலகையில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு பிரெஞ்சுச் சொல். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் என்பதால், அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவள் நினைத்தாள். வழி தவறிய சுற்றுலாப் பயணி தவிர வேறு யாரும் ரெட்டியார்பாளையத்துக்கு வந்ததில்லை என்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் பெயின்ட் டப்பாக்கள் ஏற்கெனவே வாங்கி மாடிப்படியில் அடுக்கியாகிவிட்டது.

கனவுக்கும் கஃபேவுக்கும் நடுவில் நின்றது மாங்கனீசு மட்டும்தான்.

அங்கீகாரம் தரும் மேலிடம் ஆண்டுதோறும் எல்லா மண் பரிசோதனைக் கூடங்களுக்கும் ஒரு பொட்டலம் மண் அனுப்பும். எல்லாருக்கும் ஒரே மண். அதைச் சோதித்து எண்ணை அனுப்ப வேண்டும். போன தடவை செழுமண் கூடம் மாங்கனீசில் கவிழ்ந்துவிட்டது. இந்தத் தடவையும் கவிழ்ந்தால் அங்கீகாரம் போய்விடும். அங்கீகாரம் போனால் மஞ்சள் பெயின்ட் கீழே இறங்கும். பெயின்ட் இறங்கினால் செல்வியின் வேலை போகும். வேலை போனால் மறு வாரமே அவளுடைய அம்மாவும் அத்தையும் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

மாப்பிள்ளை தயாராக இருந்தான். அத்தை மகன் பலராமன். ஊரின் உப்பளம் பகுதியில் இன்னொரு மண் பரிசோதனைக் கூடத்தில் இதே வேலை பார்ப்பவன். பார்க்க நன்றாக இருப்பான், குடிக்க மாட்டான், சமைப்பான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எப்போதும் உண்மையே பேசுவான். நாளுக்கு ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவனுக்குக் காலை, மாலை என்ற கணக்கே கிடையாது. செல்வி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்த நாளில், "கலரு உனக்கு ஒத்துக்கல புள்ள" என்று சபையில் சொன்னவன். சொந்தச் சம்பளம் வருகிற வரைக்கும்தான் அவளால், "இப்ப இன்னா அவசரம்" என்று அம்மாவிடம் வாய் திறக்க முடியும்.

ஆக, பர்னரைத் திரும்பப் பொருத்தி, வாளியை அதன் இடத்தில் வைத்து, செல்வி மறுபடி சுடரை ஏற்றினாள். மேலிடத்து மண்ணை வழக்கப்படி இரண்டு குடுவைகளில் போட்டிருந்தாள். மண்ணில் மாங்கனீசு நிறையவே இருக்கும். ஆனால் அது மாமியார் லாக்கரில் வைத்திருக்கும் நகை மாதிரி. இருக்கிறது, மருமகள் கழுத்துக்கு வராது. செடியின் வேருக்கு நிஜமாகவே எட்டக்கூடிய கொஞ்சத்தை மட்டும் இழுத்து வெளியே கொண்டுவர ஒரு கரைசல் உண்டு. மண்ணோடு அதை ஊற்றி, இரண்டு மணி நேரம் குலுக்கி, தாளில் வடிகட்டி, சுடருக்குக் கொடுத்தால் எண் கிடைக்கும்.

வெடிப்பதற்கு முன்பே முதல் குடுவை சொல்லிவிட்டது. கிலோவுக்கு ஒன்று புள்ளி எட்டு மில்லிகிராம். இப்போது இரண்டாவது குடுவை சொன்னது. ஐந்து புள்ளி இரண்டு.

செல்வி இயந்திரத்தை ஒரு தட்டு தட்டினாள். மறுபடியும் ஐந்து புள்ளி இரண்டுதான். இரும்பு, துத்தநாகம், தாமிரம் எல்லாம் இரண்டு குடுவையிலும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒத்துப்போயிருந்தன. மாங்கனீசு மட்டும் வேறு வீட்டுப் பிள்ளையாக நின்றது. மறுபடி செய்து பார்க்கலாம் என்றால் பொட்டலத்தில் மண் இல்லை. மற்ற சோதனைகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன.

முதலாளி தெய்வசிகாமணி படியிறங்கி வந்தார். உர விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றி ஓய்ந்தவர். கழுத்தில் துண்டும் முகத்தில் எப்போதும் ஒரு சமாதானமும் இருக்கும்.

"எவ்ளோம்மா?"

"முதல் குடுவை ஒண்ணு புள்ளி எட்டு. ரெண்டாவது அஞ்சு புள்ளி ரெண்டு சார்."

"ரெண்டும் ஒரே மண்ணுதானே?"

"ஒரே பொட்டலம்."

"அப்ப கூட்டி ரெண்டால வகு."

"சார், ஒருத்தனுக்கு ஒரு கால் அஞ்சாம் நம்பரு, இன்னொரு கால் பத்தாம் நம்பருன்னு வந்தா, ஏழரை நம்பர்ல செருப்பு வாங்கிக் குடுப்பீங்களா?"

"நடக்கப் போறது நானா? மூன்றரைன்னு எழுது. பாத்தா கௌரவமா கீது. இன்னிக்கு அஞ்சு மணியோட சைட்டு மூடிடுவான்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கும் குரூப்புல ஒரு வார்த்தை கேட்டுடு."

குரூப் என்பது 'மண் மணம்' என்ற வாட்ஸப் குழு. புதுவை, விழுப்புரம், கடலூர் வட்டாரத்துக் கூடங்கள் எல்லாம் அதில் உண்டு. மற்ற நாட்களில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வரும். மேலிடத்து மண் வந்துவிட்டால் பரீட்சை ஹாலாகிவிடும். எல்லாரும் எல்லாருடைய தாளையும் எட்டிப் பார்ப்பார்கள்; யாரும் தன் தாளை முதலில் காட்ட மாட்டார்கள். பலராமன் ஒருவன்தான், "காப்பியடிக்கிற கும்பல்" என்று கடைசியாக ஒரு செய்தி போட்டுவிட்டு வெளியேறியவன். அன்றிலிருந்து அவனுக்கு ரோஜாப்பூ வருவதில்லை.

செல்வி குழுவைத் திறந்தாள். கேள்விகள் அங்கே வரிசையில் நின்றன.

"செல்வி மேடம், உங்க மெஷின் புதுசு. மாங்கனீசு எவ்ளோ காட்டுது? சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றது திண்டிவனம்.

"நானும் சும்மாதான் கேக்கறேன்" என்றது கடலூர்.

விழுப்புரம் எதுவும் கேட்கவில்லை. கை கூப்பிய படம் மட்டும் போட்டிருந்தது.

செல்வி தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். தெய்வசிகாமணி நின்றுகொண்டிருந்தார். படியின் வளைவில் பாக்கியலட்சுமியின் கொலுசு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் டப்பா.

அவள் தட்டினாள்: மூன்றரை.

குழு காத்திருந்தது அதற்குத்தான். பிறகு மழை.

"அட, எனக்கு 3.46." இது திண்டிவனம்.

"எனக்கும் கிட்டத்தட்ட அதான். 3.6."

"3.52. நல்ல மண்ணு."

காலையில், "மெஷின் ரிப்பேர், பார்ட்டு சென்னையிலேர்ந்து வரணும்" என்று அழுத விழுப்புரம் இப்போது 3.4 என்று போட்டது. பார்ட்டு எந்த வேகத்தில் வந்ததோ.

செல்வி எண்ணை மேலிடத்து சைட்டில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் போன் அடித்தது. பலராமன்.

"அனுப்பிட்டியா புள்ள?"

"அனுப்பிட்டேன் மாமா. உனக்கு எவ்ளோ வந்துச்சு?"

"சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத."

"பின்ன எதுக்குப் போன் பண்ண?"

"மாங்கனீசு கொஞ்சம் படுத்துச்சு. உனக்கும் படுத்தியிருக்கும். சாப்டியான்னு கேக்கலாம்னு."

சாப்பிடவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டேன் என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன இரண்டாவது பொய் அது.

மறுநாள் மாலை அன்னக்கிளி டீ ஊற்றிவிட்டு, காலிக் குடுவைக்குள் குழாய்த் தண்ணீரை விட்டு இரண்டு குலுக்கு குலுக்கி, கவிழ்த்து, சுத்தமான குடுவைகள் இருக்கும் அலமாரியில் வைப்பதைச் செல்வி பார்த்தாள். தினமும் நடப்பதுதான். அன்றைக்குத்தான் பார்த்தாள். எழுந்து போய் அந்தக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடி விளிம்பைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். வளையத்தில் ஒட்டிக்கொண்டு நாலைந்து டீத்தூள்.

"அக்கா, முந்தாநேத்து எந்தக் குடுவைல டீ வாங்கினீங்க?"

"அதுக்கெல்லாம் பேரா வெச்சிருக்கு? கைக்கு எது வருதோ அது."

"கழுவினீங்களா?"

"பின்ன? மீன் கழுவுற தண்ணிய விட ரெண்டு பங்கு ஊத்துறேன்."

செல்வி தன் டம்ளரில் இருந்த டீயைக் கொஞ்சம் வடிகட்டி, இயந்திரத்தின் மெல்லிய குழாயை அதற்குள் விட்டாள். சுடர் ஒரு தரம் நடுங்கியது. மாங்கனீசு எண் ஏறத் தொடங்கியது, நிற்கவில்லை. நேற்று சோதித்த அத்தனை மண்சாற்றையும் தாண்டி ஏறிப் போனது. தேயிலைச் செடி ஒரு கருமி. மண்ணில் கிடைக்கிற மாங்கனீசை எல்லாம் வாரி இலைக்குள் பதுக்கி வைக்கும். கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தக் குடுவைக்குள் மண்ணைப் போட்டதும் பழுப்பு நிறம் பழுப்போடு கலந்துவிட்டது. யார் கண்ணுக்குத் தெரியும்?

எட்டிப் பார்த்த அன்னக்கிளி கேட்டாள். "இன்னா பாப்பா, டீயில கலப்படமா?"

"மாங்கனீசுக்கா."

"ஐயே. ஒடம்புக்கு ஆவாதா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலைக்குத்தான் ஆவாது."

ஒன்று புள்ளி எட்டுதான் சரி. ஐந்து புள்ளி இரண்டில் பாதிக்கு மேல் டீ. செல்வி மாடிக்கு ஓடினாள். தெய்வசிகாமணி முழுவதையும் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சைட்டு மூடிட்டான்மா."

"லெட்டர் போடலாம் சார். தப்புன்னு சொல்லலாம்."

"நாம மட்டும்னா தப்பு. அத்தனை பேரும் மூன்றரைதானே போட்டாங்க?"

"அவங்க நம்மளப் பாத்துப் போட்டாங்க சார்."

"பாத்தியா, எவ்ளோ மரியாதை வெச்சிருக்காங்க."

அன்றைக்கே செல்வி ஒரு குடுவையை எடுத்து, அதன் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டி, "இனிமே டீக்கு இது மட்டும்தான்" என்று அன்னக்கிளி கையில் கொடுத்தாள். பாக்கிக் குடுவைகளை எல்லாம் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாள். அதற்கு மேல் என்ன செய்வது? ராத்திரிகளில் கஃபேவில் சமோசா பரிமாறுவது போலக் கனவு வந்தது. சமோசா கேட்டு முதல் மேசையில் உட்கார்ந்திருப்பது அவளுடைய அத்தை.

முடிவு வந்த நாளில் தெய்வசிகாமணி படியில் பாதி ஓடியும் பாதி வழுக்கியும் இறங்கி வந்தார்.

"மிகச் சிறப்புன்னு போட்டிருக்கான்மா. மாங்கனீசுல. மிகச் சிறப்பு."

செல்வி கணினியில் பார்த்தாள். இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. அந்த மண்ணில் நிஜமாக எவ்வளவு மாங்கனீசு இருக்கிறது என்று மேலிடத்துக்கும் தெரியாது. வந்த விடைகளை எல்லாம் வரிசையில் நிற்க வைத்து, நடுவில் நிற்பதே சரியான விடை என்று மாலை போட்டுவிடுவார்கள். நடுவில் நின்றது மூன்றரை. அன்னக்கிளியின் டீக்கு மேலிடம் முத்திரை குத்தி அனுப்பியிருந்தது.

பட்டியலின் கடைசியில் உப்பளத்துக் கூடம் தனியாக நின்றது. ஒன்றே முக்கால். 'திருப்தி இல்லை.'

சான்றிதழுக்கு அன்றே கண்ணாடி போட்டு மாட்டினார்கள். வாங்கி வைத்த பெயின்டில் ஒரு டப்பாவை உடைத்துக் கூடத்தின் கழிவறைக்கு மஞ்சள் அடித்தார்கள். மிச்ச டப்பாக்களோடு பாக்கியலட்சுமி மாடிப்படியிலேயே காத்திருந்தாள். அவ்வளவு சீக்கிரம் கனவைக் கைவிடுகிறவள் அல்ல. செல்வியின் அம்மா தெரு முழுக்க, "எம்பொண்ணு மாங்கனீசுல பாஸு" என்று சொல்லிவிட்டு வந்தாள். தாம்பூலத் தட்டு மறுபடி பரணுக்குப் போனது. எல்லாம் செல்வி வேண்டிக்கொண்ட மாதிரியே நடந்திருந்தது. ஆனாலும் அந்தச் சான்றிதழ் மாட்டிய சுவர்ப் பக்கம் திரும்பாமலே அவள் வேலை செய்யப் பழகிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பலராமன் வந்து நின்றான். ஆள் இளைத்திருந்தான். தோளில் ஒரு பை. பைக்குள் அவனே கழுவி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த குடுவைகள், கூடவே மேலிடத்து மண்ணில் அவன் மிச்சம் பிடித்த ஒரு பிடி.

"உள்ள வா மாமா" என்றாள் செல்வி. மேசையில் இடம் ஒதுக்கினாள்.

"மெஷின்ல லாம்ப மாத்திட்டேன் புள்ள. கரைசல மூணு வாட்டி புதுசா போட்டுட்டேன். பக்கத்துல பழைய துறைமுகம், உப்புக் காத்து ஏதாவது பண்ணுதோன்னு சன்னலுக்கெல்லாம் டேப்பு ஒட்டிட்டேன். உள்ள வேலை செய்யறவன் மூச்சு முட்டுதுன்னு லீவு போட்டுட்டான். ஒண்ணே முக்காலுக்கு மேல ஏற மாட்டேங்குது."

"ஆபீசுல இன்னா சொல்றாங்க?"

"எங்கையில தப்புன்னு சொல்றாங்க. நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். அத்தினி பேருக்கு மூன்றரை வந்திருக்கு, எனக்கு மட்டும் வரலைன்னா?" குடுவைகளை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தான். "நீ செய்யறத பக்கத்துல நின்னு பாக்கறேன். எங்க கோட்ட விடறேன்னு சொல்லு."

தெய்வசிகாமணி அவன் முதுகில் தட்டினார். "தாராளமா பாருப்பா. ரகசியம்னு ஒண்ணும் கெடையாது. சுத்தம். அவ்ளோதான்." செல்வியை நோக்கிக் கண்ணாலேயே ஒரு எச்சரிக்கையும் அனுப்பினார்.

செல்விக்கு நன்றாகத் தெரியும். இவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவன் வாயில் உண்மை தங்காது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே மேலிடத்துக்கு எழுதிவிடுவான். சான்றிதழ் இறங்கும், பெயின்ட் இறங்கும், தாம்பூலத் தட்டு பரணிலிருந்து இறங்கும். வாயை மூடிக்கொண்டு மண்ணை நிறுத்து, குலுக்கி, வடிகட்டிக் காட்டினால் போதும். தேடட்டும். கிடைக்காது.

நிறுக்கத் தொடங்கினாள். பலராமன் குனிந்து, பள்ளிப் பிள்ளை போல அவள் கையையே பார்த்தான்.

"ஒண்ணு தோணுது" என்றான் மெல்ல. "சிரிக்காத."

"சொல்லு."

"அடுத்த தடவை வர்றத அப்படியே ரெண்டால பெருக்கி அனுப்பிடலாம்னு பாக்கறேன். ஒண்ணே முக்கால ரெண்டால பெருக்குனா கரெக்டா மூன்றரை வருது. யாருக்குத் தெரியப் போவுது?"

அவன் சிரிக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. சபையில் எல்லார் முன்னாலும் புடவை ஒத்துக்கவில்லை என்று நேருக்கு நேராகச் சொன்னவன், இப்போது தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். செல்விக்கு அந்தப் புடவை நினைவுக்கு வந்தது. நிஜமாகவே அது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒருத்தர்கூட அதைச் சொல்லவில்லை, இவனைத் தவிர.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மா, நிறுத்திட்ட?" என்றார் தெய்வசிகாமணி. மாடிப்படியில் கொலுசு ஒலித்தது.

செல்வி அவரைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, அந்த சிவப்புக் கயிறு கட்டுன குடுவைல மாமாவுக்கு ஒரு டீ வாங்கியாங்க, அவரு மாசக்கணக்கா தேடுற மாங்கனீசு அதுலதான் இருக்கு."